ஒரு நாளைக்கு ஒரு முழம்

வெள்ளக்கரட்டில் ஒரு துப்பாக்கிக் குண்டு நாளைக்கு ஒரு முழம் என்று நடந்துபோன வருஷத்தைப் பற்றிக் கேட்டால், ஊர்க்காரர்கள் முதலில் மழையைச் சொல்வார்கள், பிறகு மக்காச்சோளம் விளைந்த விளைச்சலைச் சொல்வார்கள், அதற்கும் பிறகு, கேட்டவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தால், அந்தக் குண்டு யார் யார் வீட்டில் எத்தனை நாள் இருந்தது என்பதைச் சம்பந்தி வந்து தங்கிப்போன கதையைப் போலச் சொல்வார்கள். அது ஏன் புறப்பட்டது என்று சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அந்தக் கதையில் அவரவர் வீட்டுப் பாத்திரமும் இருக்கிறது.

ஒச்சம்மாள் துப்பாக்கி வாங்க மதுரைக்குப் போனது ஒரு புதன்கிழமை. ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளத்தில் விழும் காட்டுப்பன்றியை வெடிச் சத்தம் போட்டு விரட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, தலையாரி வீட்டுக்கு நடந்து, ஸ்டேஷனுக்கு நடந்து, கலெக்டர் ஆபீஸ் படியில் உட்கார்ந்து உட்கார்ந்து சேலை நைந்து, இரண்டு வருஷத்தில் வாங்கிய லைசென்ஸ் அவள் முந்தானையில் முடிந்திருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவள் என்ன விசேஷத்துக்குப் போகிறாய் என்று கேட்டதற்கு, சாமான் வாங்க என்று சொன்னாள்.

துப்பாக்கிக் கடை காதர் மைதீன் பாய் ஒற்றைக்குழலை எடுத்துப் போட்டார், இரட்டைக்குழலை எடுத்துப் போட்டார். அவள் இரண்டையும் தொடவில்லை.

"அடியில வளையம் இருக்கும் பாய். நாலு வெரலையும் உள்ள விட்டு முன்னால தள்ளி இழுத்தா, போகையில ஒரு சடக்கு, வரையில ஒரு சடக்கு. அது வேணும்."

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "அது வெள்ளைக்காரன் காலத்து மாடலும்மா. யார்கிட்ட பாத்தீங்க?"

"பாக்கல. கேட்டிருக்கேன்."

பழசு இப்போது கிடைக்காது, பழசைப் போலவே புதிதாகச் செய்தது வருகிறது, பார்வைக்கு அச்சு அசல் அதுவேதான் என்று சொல்லி, பாய் உள்ளேயிருந்து மூன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒச்சம்மாள் முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, ஒவ்வொன்றாக இழுக்கச் சொன்னாள். முதலாவதை இழுத்தார். இது இல்லை என்றாள். இரண்டாவதை இழுத்தார். இது தகரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது, இதுவும் இல்லை என்றாள். மூன்றாவதை அவர் தள்ளி இழுத்ததும் அவள் கை தானாகப் போய்க் கடைக்கதவைப் பிடித்துக்கொண்டது.

"இதுதான். கட்டிக் குடுங்க."

பாய் நல்ல மனுஷர், மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். "நகல் நகல்தாம்மா. பழைய துப்பாக்கி செஞ்சதெல்லாம் இது செய்யும்னு நெனச்சு வாங்காதீங்க."

"எல்லாம் செய்ய வேணாம் பாய். அது செஞ்ச ஒண்ண இது செஞ்சாப் போதும்."

அது செய்தது இது. ஒச்சம்மாளின் புருஷன் தவசி, வெள்ளக்கரட்டின் நீர்ப்பாய்ச்சி. ஓடைத் தண்ணீரை யார் வயலுக்கு எத்தனை நாழிகை என்று மடை திறந்து மடை அடைத்துப் பங்கு வைப்பவன். மண்வெட்டியைத் தவிர ஒரு ஆயுதம் தொட்டறியாதவன். பெரிய தோட்டத்துச் சீனிச்சாமி, ஊருக்குத் தெரியாமல் ஓடையில் குழாய் பதித்துத் தண்ணீரை மேலேயே உறிஞ்சிக்கொண்டபோது, தவசி அந்தக் குழாயைத் தோண்டி எடுத்து, கோயில் வாசலில் எல்லாரும் பார்க்கப் போட்டான். இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரம், ஒச்சம்மாள் வீட்டுக்குப் பின்னாலிருந்த சோளக்காட்டில் அவனைச் சீனிச்சாமி தன் அப்பா காலத்து வளையத் துப்பாக்கியால் சுட்டான். பன்றி என்று நினைத்தேன் என்றான்.

இந்த இடத்தில் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காட்டுப்பன்றியைச் சுடுவது சட்டப்படி குற்றம், தின்பது அதைவிடக் குற்றம். ஆகையால் வெள்ளக்கரட்டில் பன்றி விழுந்தால் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. ஒரு வெடி கேட்டால் பன்றி ஓடிவிட்டது என்று அர்த்தம், அவரவர் வேலையைப் பார்க்கலாம். இரண்டு வெடி கேட்டால் விழுந்ததை முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உடனே வீட்டுக்கு ஒருவர் கறி வாங்க ஒரு ஏனத்தைத் தூக்கிக்கொண்டு, பேச்சு மூச்சில்லாமல், வெடி கேட்ட திசைக்கு நடப்பார்கள். பங்கு எல்லாருக்கும் ஒன்றுதான்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தார்கள். முப்பத்தேழு வீட்டிலிருந்து முப்பத்தேழு பேர், சட்டி, குண்டான், தூக்குவாளி என்று கைக்கு அகப்பட்டதை எடுத்துக்கொண்டு சோளக்காட்டுக்குப் போனார்கள், போய்ப் பார்த்தால் வரப்பில் கிடந்தது தவசி. தொடையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவள், வீடு பக்கத்தில் என்பதால், ஒச்சம்மாள். அவள் கையில் அலுமினியப் போசி இருந்தது.

அவள் அடுப்படியில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முதல் வெடி. பிறகு 'ஐயோ' என்று ஒரு சத்தம். பிறகு அந்தச் சடக்கு, சடக்கு. பிறகு இரண்டாவது வெடி. 'ஐயோ' என்றது தன் புருஷன் என்று அவளுக்குத் தெரியவில்லை, பன்றியைக் கண்டு எவனோ கத்துகிறான் என்று நினைத்துப் போசியைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவனின் குரல் காதில் விழுந்தும் கறிக்குக் கிளம்பினோமே என்கிற அந்த நெருப்பு அவளைத் தின்றது, அதை அவள் அணைக்கவில்லை, சீனிச்சாமிக்காக வைத்திருந்தாள்.

பன்றி என்று நினைத்தவன், மனுஷன் கத்திய பிறகும் வளையத்தை இழுத்து இன்னொன்று சுடுவானா? கேஸே அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. சீனிச்சாமி அன்றிரவே கோயிலடியில் ஊரைக் கூட்டி, ரொம்பப் பதமாக ஒரு வார்த்தை சொன்னான்: "ரெண்டு வெடின்னு எவனாச்சும் சொன்னா, ரெண்டு கேட்டா ஏனத்தோட எதுக்குய்யா போனீங்கன்னு கேப்பாய்ங்க. பன்னிக்கறி கேசுல மொத்த ஊரும் உள்ள போகும். எனக்கென்ன, ஒங்க இஷ்டம்." முப்பத்தாறு வீடும் ஒரு வெடி என்று சொல்லின. உடம்பில் இரண்டு காயம் இருக்கிறதே என்றதற்கு, ஒரே குண்டுதான், தொடையில் நுழைந்து கல்லில் பட்டுத் தெறித்து நெஞ்சுக்குப் போயிற்று என்று கோர்ட்டில் அவன் வக்கீல் படம் போட்டுக் காட்டினார். ஒச்சம்மாள் மட்டும் இரண்டு என்றாள். இரண்டு என்றால் பாத்திரம் எடுத்துப்போயிருப்பாயே அம்மா, எங்கே அந்தப் பாத்திரம் என்று கேட்டார். அவள் பையிலிருந்து போசியை எடுத்துக் காட்டினாள். கோர்ட்டே சிரித்தது. அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஊர்க்காரர்களும் சிரித்தார்கள். கேஸ் நிற்கவில்லை, சீனிச்சாமி வீட்டுக்கு வந்துவிட்டான்.

துப்பாக்கி வாங்கி வந்த மறுநாள் காலையில், ஒச்சம்மாள் தன் வாசலில் நின்று, தெருவின் மறுகோடியில், கூரைகளுக்கு மேலே தெரியும் மேட்டு வீட்டு முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்த சீனிச்சாமியின் தொடைக்குக் குறிவைத்துச் சுட்டாள். நெஞ்சுக்கு வைத்திருக்கலாம். எந்த வரிசையில் நடந்ததோ அந்த வரிசையில் நடக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம். வெடிச் சத்தம் ஊரையே உலுக்கியது, காக்கைகள் எழும்பின, புகை கலைந்தது, பார்த்தால் குண்டு துப்பாக்கி வாய்க்கு ஒரு சாண் முன்னால், தொடை உயரத்தில், வெயிலில் மினுங்கிக்கொண்டு அந்தரத்தில் நின்றது. நின்றது என்று முதலில் நினைத்தார்கள். சாயங்காலம் பார்த்தபோது அரை முழம் நகர்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். குறடால் பிடித்து இழுத்தார், அசையவில்லை. சாக்கைப் போட்டார், சாக்கில் ஓட்டை விழுந்தது. கருங்கல்லை வைத்தார், மூன்று நாளில் தயிரில் விரல் விட்டது போலக் கல்லைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் வந்தது. குண்டு இன்னும் யார்மேலும் படவில்லை, அவள் பட்டா நிலத்தையே தாண்டவில்லை, நான் என்னவென்று எழுதுவது, பாதிக்கப்படப் போகிறவர் புகார் கொடுத்தால் பார்க்கலாம் என்றார். சீனிச்சாமி புகார் கொடுக்கவில்லை. உன்னை எதற்கு ஒரு பொம்பளை சுட வேண்டும் என்று முதல் கேள்வியே வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

பதினோராம் நாள் குண்டு அவள் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. அதற்குள் ஊருக்குப் பயம் தெளிந்துவிட்டது. ஆடு மாடு முட்டிக்கொள்ளாமல் இருக்கச் சுற்றிலும் முள்ளை வெட்டிப் போட்டார்கள், தினம் காலையில் அந்த முள்ளை ஒரு முழம் முன்னால் நகர்த்தி வைக்க முறை போட்டுக்கொண்டார்கள். மினிபஸ்காரன் ஹாரன் அடிக்காமல் ஒதுங்கிப் போகப் பழகினான். வெளியூர்க்காரர்களுக்கு, குண்டைத் தாண்டி மூணாவது வீடு என்று வழி சொன்னார்கள், வழி சொன்னது ஒரு வாரத்தில் தப்பாகிப்போனது. மஞ்சள் துணி கட்டிவிட்டவர்களும் உண்டு. நல்லது கெட்டதைக்கூட அதை வைத்தே சொன்னார்கள்: எங்க மாடு கன்னு போட்டப்ப குண்டு டீக்கடை மூலைல இருந்துச்சு என்று.

தெரு கோயிலடியில் வளைகிறது, குண்டு வளையவில்லை. நேராக மொக்கச்சாமியின் டீக்கடைச் சுவருக்குள் போனது. மொக்கச்சாமி ஊரிலேயே அதிகம் பேசுகிறவர், குண்டு அவர் கடையில் இருந்த இருபத்து மூன்று நாளும் சர்க்கரை போதுமா என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் என்று அவர் மனைவிக்குத் தெரியும். அன்றைக்கு அவர் சோளக்காட்டுக்கு எடுத்துப்போன பித்தளைத் தூக்குவாளி பால் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. குண்டு அதைத் தேடிப் போன மாதிரி இருந்ததால், எடுத்துப் பரணில் வைத்தார். மறுநாள் குண்டு பரண் உயரத்துக்கு எழும்பி, தூக்குவாளியைத் துளைத்துவிட்டு, மறுபடி தொடை உயரத்துக்கு இறங்கியது. அவர் அந்த ஓட்டையை ஈயம் வைத்து அடைக்கப் பார்த்தார், ஈயம் நிற்கவில்லை.

எந்த வீட்டுக்குள் போனாலும் இதே கதைதான். எத்தனை ஏனம் இருந்தாலும் அன்றைக்குக் கொண்டுபோன ஏனத்தை மட்டும் கண்டுபிடித்து ஓட்டை போட்டது. வழியில் இல்லாத வீட்டுக்காரர்கள் தப்பித்தோம் என்று இருந்தார்கள், ஒரு நாள் காலையில் அவர்கள் அடுப்படியிலும் சட்டி ஒழுகியது. ஊரில் முப்பத்தாறு பாத்திரம் ஒழுகியது. அதைப் பற்றி யாரும் யாரிடமும் பேசவில்லை, எவரும் அவற்றைத் தூக்கி எறியவும் துணியவில்லை. ஒச்சம்மாளின் போசி மட்டும் முழுசாக இருந்தது, அவள் அதில் தினமும் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பாள்.

குண்டு பவுனம்மாள் வீட்டு அடுப்படிக்கு வந்த நாளில் சீனிச்சாமி ஊரைவிட்டுப் போனான். மதுரையில் மச்சினன் வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். அவன் போனதும் குண்டு நின்றுவிட்டது. ஒரு நாள், பத்து நாள், ஒரு மாதம், பவுனம்மாளின் அடுப்புக்கும் அம்மிக்கும் நடுவில் அப்படியே நின்றது. மகள் பெரியவளாகி, சடங்குக்குத் தாய்மாமன் சீரோடு வருகிறான், விருந்து சமைக்கிற இடத்தில் குண்டு நிற்கிறது. குனிந்து சோறு வடிக்க முடியவில்லை, தூங்கினால் கண்ணுக்குள் நிற்கிறது. பவுனம்மாள் நடுத்தெருவில் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"அவரு வந்தாத்தான் இது என் வீட்ட விட்டுப் போகும். இன்னிக்கு நானு. அடுத்து வழியில இருக்குறது யாரு வீடுன்னு எல்லாரும் எண்ணிப் பாருங்க."

எண்ணிப் பார்த்தார்கள். எண்ணிப் பார்த்து முடித்ததும் வேன் பேசினார்கள். எவனைக் காப்பாற்ற ஒரு வெடி என்று சொன்னார்களோ, அவனை மதுரைக்குப் போய், மரியாதைக்கு மாலையும் வாங்கிக்கொண்டு, நீங்க இல்லாம ஊரு ஊரா இல்ல மொதலாளி என்று சொல்லி, இரண்டு பக்கமும் கையைப் பிடித்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அவன் முகப்பில் கொண்டுவந்து உட்காரவைத்த பத்தாம் நிமிஷம், பவுனம்மாள் உள்ளேயிருந்து, கெளம்பிருச்சு என்று சொன்னாள். ஒச்சம்மாள் தன் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள், தவசி செத்த பிறகு அன்றைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவனை எவரும் அடைத்து வைக்கவில்லை. ஆனால் அவன் பையைத் தூக்கினால் மினிபஸ் நிற்காது, காரை எடுத்தால் தெருவில் யாராவது மாட்டு வண்டியை அவிழ்த்துப் போட்டிருப்பார்கள், கேட்டால், இதோ எடுத்துர்றோம் மொதலாளி என்று பணிவாகச் சொல்வார்கள். ஆறு முழம் மிச்சம் இருக்கும்போது அவன் ஒச்சம்மாள் வீட்டுக்கு நடந்து வந்தான். குண்டு பின்னாலேயே மூக்கைத் திருப்பியது. உடம்பு பாதியாக இளைத்திருந்தது, ஆனால் பேச்சு இளைக்கவில்லை.

"ஏத்தா ஒச்சம்மா. ஓடையோரம் நாலு ஏக்கர் ஒன் பேருக்கு எழுதிர்றேன். இத நிறுத்து."

"நெலம் கேக்கல நானு. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அதுக்குப் பதில் சொல்லு. எத்தன வெடி?"

அவன் சுற்றிலும் பார்த்தான். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றது. ஒரு வார்த்தையில் முடிந்துவிடும், அந்த வார்த்தைக்குப் பிறகு தூக்குக்கயிறு இருக்கிறது.

"ஒண்ணுதான்," என்றான். "பன்னின்னு நெனச்சேன்."

"அப்ப உக்காந்து பாத்துக்க," என்று சொல்லிவிட்டு அவள் உலையில் அரிசியைப் போட உள்ளே போனாள்.

ஆறாம் நாள் பொழுது சாயும் நேரம் குண்டு அவன் தொடையைத் தொட்டது. ஓடினான், அது கூட ஓடியது. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான், அது அவசரமே இல்லாமல், கல்லைத் துளைத்த அதே நிதானத்தில் உள்ளே போனது. அவன் 'ஐயோ' என்று கத்தினான். அந்தச் சத்தம் டீக்கடையைத் தாண்டி, கோயிலைத் தாண்டி, ஒச்சம்மாளின் அடுப்படிக்குள் வந்தது. அதே சத்தம்தான். தொண்டை வேறு, சத்தம் ஒன்று.

ஆள் அடிபட்டுவிட்டது, இனிக் கேஸ் எழுதலாம் என்று காத்திருந்த இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கி, இரண்டு போலீஸ்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒச்சம்மாள் வீட்டை நோக்கி நடந்தார். அவர் கோயிலடி வளைவில் வருகிறபோது அந்தச் சத்தம் கேட்டது. சடக்கு. சடக்கு. அன்றைக்கு அடுப்படியில் ஒருத்தி மட்டும் கேட்ட சத்தம், இப்போது முப்பத்தாறு வீட்டு அடுப்படியிலும் கேட்டது.

இரண்டாவது வெடி வெடித்தது.

புகை கலைந்தபோது, ஒச்சம்மாளின் துப்பாக்கிக்கு ஒரு சாண் முன்னால், இந்தத் தடவை நெஞ்சு உயரத்தில், புதிய குண்டு நின்றது. தெருவின் மறுகோடியில் தொடையைப் பிடித்துக்கொண்டு கிடந்த சீனிச்சாமி அதைப் பார்த்தான். எழுந்து நிற்கக்கூட இனி அவனால் முடியாது, இருநூற்றுச் சொச்சம் நாள் படுத்துக்கொண்டே பார்த்தாக வேண்டும். ஆனால் இன்ஸ்பெக்டர் பார்த்தது குண்டை அல்ல. வீட்டுக் கதவுகள் திறந்துகொண்டிருந்தன. ஒவ்வொரு கதவிலிருந்தும் ஒருவர், பேச்சு மூச்சில்லாமல், ஓட்டை விழுந்த சட்டியும் குண்டானும் கையில் பிடித்துத் தெருவுக்கு இறங்கி, வெடி கேட்ட திசைக்கு நடந்து வந்தார்கள். யாரும் யோசித்து எடுத்ததில்லை, இரண்டு கேட்டால் கை தானாக எடுக்கும், தலைமுறை தலைமுறையாக எடுத்த கை. நாலு எட்டு வைத்த பிறகுதான் கையில் என்ன இருக்கிறது என்று அவரவருக்கே தெரிந்தது. தெரிந்தும் ஒருவராலும் கீழே வைக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் முன்னால் வந்த மொக்கச்சாமியை நிறுத்தினார். "என்னய்யா இது, மொத்த ஊரும் பாத்திரத்தோட?"

மொக்கச்சாமி தூக்குவாளியைப் பார்த்தார். அதன் ஓட்டை வழியாகத் தெரு தெரிந்தது.

"ரெண்டு வெடி கேட்டுச்சுங்க. ரெண்டு கேட்டா வருவோம்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

இன்ஸ்பெக்டர் அந்த ஓட்டையில் விரலை விட்டுப் பார்த்தார். அவர் புதிதாக வந்தவரில்லை, தவசி கேஸை எழுதியவரே அவர்தான். "தவசி செத்த அன்னிக்கு?"

மொக்கச்சாமி வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து பவுனம்மாள் சொன்னாள். "வந்தோம். எல்லாருந்தான் வந்தோம். இந்தச் சட்டியத்தான் நான் கொண்டாந்தேன்." அவளுக்குப் பின்னால் ஒருவர் தன் குண்டானைத் தூக்கிக் காட்டினார். அடுத்தவரும் காட்டினார். தெரு முழுக்கப் பாத்திரம் உயர்ந்தது.

முகப்பில் கிடந்த சீனிச்சாமி, நிறுத்தச் சொல்லுங்க, ரெண்டுதான், ரெண்டுதான் சுட்டேன் என்று கத்தினான். போலீஸ்காரர் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். குண்டு நிற்கவில்லை.

ஒச்சம்மாள் துப்பாக்கியை இன்ஸ்பெக்டர் கையில் கொடுத்துவிட்டு, ஒரு நிமிஷம் சார் என்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் அலுமினியப் போசி இருந்தது. வரிசையில் முப்பத்தாறு பேருக்கும் பின்னால் போய், முப்பத்தேழாவதாக நின்றுகொண்டாள்.